வடக்கு நோக்கிப் புறப்பட்ட வெற்றிலை

மாத்தளையை முன்னேற்ற வந்த எவரும் வெறுங்கையோடு வந்ததில்லை. ஒருவர் அடிக்கல்லோடு வருவார், இன்னொருவர் பெயர்ப்பலகையோடு வருவார். தொண்ணூற்றாறாம் ஆண்டு சிற்றேற்றுமதி எழுச்சிச் சபை எங்கள் ஊருக்கு வந்தபோது இரண்டையும் கொண்டு வந்தது. கூடவே திரு. பஸ்தியாம்பிள்ளையையும் கொண்டு வந்தது. அவர்தான் சபையின் மாவட்டப் பணிப்பாளர். வீட்டில் சோறு கேட்கும்போதும் ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பவர் போலவே பேசுவார் என்று அவருடைய சாரதி சொல்லியிருக்கிறான்.

அதுவரை வெற்றிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் அனுமதி கொழும்பில் நாலைந்து பெரிய முதலாளிமாரிடம் மட்டும் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அவர்களுடைய லொறி மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்கு வரும். விலையை அவர்களே சொல்லி, இலையை அவர்களே கழித்து, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள். அது விமானமேறிக் கராச்சிக்குப் போய் அங்கே பான் கடைகளில் நல்ல விலை போகும். ஒருநாள் அரசாங்கத்துக்கு இது அநியாயமாகத் தெரிந்துவிட்டது. இனிமேல் சிறியவர்களும் நேரடியாக ஏற்றுமதி செய்யலாம் என்று கொள்கையை மாற்றினார்கள், சபை சிபாரிசு செய்தால். நம் நாட்டில் எந்த நல்ல கொள்கையும் இப்படி ஒரு 'ஆல்' ஒட்டாமல் அரசாங்கக் கச்சேரி வாசலைத் தாண்டியது கிடையாது.

இந்தச் செய்தியைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் மக்கீன் நானா. மாத்தளைச் சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தார். உக்குவளையில் ஏழெட்டு வெற்றிலைத் தோட்டக்காரர்கள் அவரை நம்பினார்கள். கராச்சியில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்து, தொலைபேசியில் பேச்சையும் முடித்திருந்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை விமானத்தில் முதல் லோட் போக வேண்டும். வாடாமல் போய்ச் சேர்ந்தால் வாரா வாரம் எடுப்பான். வாடிப் போனால் அத்தோடு சரி.

தோட்டக்காரர்களைக் கூட்டி மக்கீன் நானா விஷயத்தைச் சொன்னார். அவர்களில் துணிந்தவள் சந்திரகாந்தா. சிங்களத்தியானாலும் தமிழில் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தமிழ் தெரிந்தவள்.

"இந்தக் கிழமை கொழும்பு லொறிக்கு எல குடுக்காட்டி அவன் அடுத்த கிழமை மூஞ்சியத் திருப்புவான் நானா. பொறகு அவன் சொல்றதுதான் வெல. தெரியும்தானே?"

"தெரியும் தங்கச்சி. இந்த ஒரு லோட் மட்டும் போய்ச் சேரட்டும். பொறகு அவன்ட மூஞ்சிய நாம பாக்கவே தேவல்ல."

நம்பி, கொழும்பு லொறியை வெறுமையாகத் திருப்பி அனுப்பினார்கள். ஏழெட்டுக் குடும்பத்தின் இலை அந்த ஒரு பயணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மக்கீன் நானா செய்த ஒரே பிழை, மரியாதை தெரிந்தவராக இருந்தது. பெரிய மனுசரைப் பார்க்கப் போகும்போது வெற்றிலைக் கட்டோடு போவது எங்கள் பக்கத்து வழக்கம். நாற்பது இலையை அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டி, கொஞ்சம் குனிய வேண்டும். வேறு ஆளென்றால் கடையில் மிஞ்சிய இலையைக் கட்டிக்கொண்டு போயிருப்பான். இவர் கராச்சிக்குப் போகும் தரத்தில் பொறுக்கி எடுத்த இலையில் ஒரு கட்டு கட்டிக்கொண்டு சபைக்குப் போனார்.

பஸ்தியாம்பிள்ளை கட்டை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடினார்.

"ஆகா! இத்தகைய இலை நம் மாவட்டத்தில் விளைகிறதா? நீங்கள் சிறியவர்தானே?"

மக்கீன் நானா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "இப்ப கொஞ்சம் ஒடம்பு வச்சிட்டுது சேர்..."

"வியாபாரத்தைக் கேட்டேன்."

"அதில சின்ன ஆள்தான் சேர். சந்தையில ஒரு கடதான் ஈக்குது."

"சிறியவர் என்றால் ஏற்றுமதி செய்யும் வல்லமை உங்களுக்கு இருக்க முடியாது. வல்லமை இருந்தால் நீங்கள் சிறியவர் அல்ல. இந்த முரண்பாட்டைச் சபை மிக ஆழமாக ஆராய்ந்து வருகிறது."

"அப்ப நான் என்ன செய்ய சேர்?"

"ஆராய்ச்சி முடியும் வரை சிறியவராகவே இருங்கள்."

அடுத்து உதவிப் பணிப்பாளரைப் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு ஒரு கட்டு. அவர் கணக்காளரைக் காட்டினார். கணக்காளரின் அறைக்குப் போகும் வழியில் இருந்த மேசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்று கையை நீட்டினார்கள். பணிப்பாளருக்குக் கொடுத்த இலை தங்களுக்கு இல்லையென்றால் அது அவமதிப்பு. பின்னேரம் இந்தக் கட்டுகளையெல்லாம் சாரதிமார் பஸ் நிலையத்துக் கடைகளில் மலிவாகப் போட்டார்கள். சபைக்கு மரியாதை கூடக்கூட, சந்தையில் மக்கீன் நானாவின் வியாபாரம் படுத்தது.

"ஒங்களுக்கு இது தேவையா?" என்றாள் மனைவி ஹமீமா. "கொழும்பான் ஒரு கூடையக் கழிச்சான். இவனுகள் ஒங்களையே கழிச்சிருவானுகள் போல ஈக்குது."

"கொஞ்சம் பொறுமையா இரு. அரசாங்கம் கை குடுக்குது."

"கை குடுக்கயில்ல. கைய நீட்டுது."

சிபாரிசு கடைசிப் படிக்கு வந்தபோது கலாசார உத்தியோகத்தர் ஒருவர் குறுக்கே வந்தார். மூக்குக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக, கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"வெற்றிலை என்பது என்ன? இலையா? இல்லை! அது நம் நாட்டின் மரியாதை. பெற்றோரை வணங்க வெற்றிலை. குருவை வணங்க வெற்றிலை. அமைச்சரை வணங்க வெற்றிலை. இந்த மரியாதையைக் கூடை கூடையாக வெளிநாட்டானுக்கு விற்றுவிட்டால், நாளைக்கு எங்களுக்கு எதைக் கொண்டு மரியாதை செய்வீர்கள்?"

மூன்று உத்தியோகத்தர்கள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டார்கள். ஏற்றுமதியாகும் வெற்றிலை மரியாதைக்குரியதல்ல, வெறும் மெல்லுவதற்குரியது என்று மக்கீன் நானா சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும். அவரும் செய்தார். "இந்தக் கூடைகளில் உள்ள இலைகளில் எவ்வித மரியாதையும் இல்லை என உறுதி கூறுகிறேன்" என்று உரத்து வாசித்துக் கையெழுத்துப் போட்டார். கலாசார உத்தியோகத்தர் திருப்தியோடு எழுந்து, தனக்குரிய கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சிபாரிசு கிடைத்தது. புதன்கிழமை இலை கிள்ளி, வியாழன் காலை வெள்ளனவே லொறியில் ஏற்றி, பின்னேரம் ஐந்து மணிக்கு முன் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சரக்குப் பகுதி மூடுவதற்குள் சேர்த்துவிட வேண்டும். இது மக்கீன் நானாவின் கணக்கு. சபைக்கு வேறு கணக்கு இருந்தது.

"மாவட்டத்தின் முதல் சிற்றேற்றுமதி!" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "இதைக் களவாக அனுப்புவது போல் அனுப்ப முடியுமா? பிரதி அமைச்சர் கொடியசைத்துத் தொடக்கி வைக்கிறார். சுபவேளை பார்த்தாயிற்று. வியாழன் முற்பகல். வாகனம் வடக்கு நோக்கிப் புறப்பட வேண்டும்."

மக்கீன் நானா கையால் தெற்கைக் காட்டினார். "சேர், கட்டுநாயக்கா தெற்கால தானே ஈக்குது? கண்டிப் பக்கம் போகணுமே."

"போய்ச் சேரும் இடம் தெற்கு. புறப்படும் திசை வடக்கு. இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது."

"வடக்கால போனா நாலந்தா தானே சேர் வரும்?"

"வரட்டும். சுபவேளை முடிந்ததும் அங்கே திருப்பிக்கொள்ளுங்கள். சுபவேளைக்குள் திரும்பினால் தொடக்கி வைத்த அமைச்சருக்கே ஆகாது என்று சோதிடர் சொல்லிவிட்டார். அவருக்கு ஆகாவிட்டால் சபைக்கு ஆகுமா?"

வியாழன் காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் தயார். லொறிக்கு வாழை கட்டி, சரிகைத் தாள் ஒட்டி, முன்னால் இரண்டு கொடியும் குத்தியிருந்தார்கள். கூடைகளுக்குள் வாழைச்சருகு விரித்து இலையை அடுக்கி, மேலே நனைத்த சாக்கால் மூடிவைத்திருந்தார் மக்கீன் நானா. அலங்காரக் குழு சாக்கை உருவி எறிந்தது. ஈரச்சாக்கு தொலைக்காட்சியில் அசிங்கமாகத் தெரியுமாம். வெயில் ஏறியது. லொறிச் சாரதி இராயப்பன், எல்க்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன், நாலு வாளி தண்ணீர் பிடித்து வந்து தெளித்தான். கம்பளம் நனைகிறது என்று அவனையும் விரட்டினார்கள்.

சுபவேளை தொடங்கி அரைவாசி போன பிறகுதான் பிரதி அமைச்சர் வந்தார். வேறோர் ஊரில் அடிக்கல் நாட்டிவிட்டு வந்ததால் கையில் சீமெந்து இருந்தது. வந்தவரை வெற்றிலைக் கட்டுக் கொடுத்து வரவேற்க வேண்டும். சபைத் தலைவரை வரவேற்க வேண்டும். உபதலைவரை, பிரதேச செயலாளரை, மேளக்காரரின் தலைவரை, பாடசாலை அதிபர்மாரை. இத்தனை பேருக்கும் வெற்றிலை எங்கே?

"வெளியில வாங்கலாமே சேர். நானே சந்தையில எடுத்துத் தாறேன்" என்று கெஞ்சினார் மக்கீன் நானா.

"உங்கள் விழாவில் வேறொருவர் இலையா? அது உங்களுக்கு நாங்கள் செய்யும் அவமானம்" என்று பஸ்தியாம்பிள்ளை அவர் தோளைத் தட்டினார். பின்னால் கூடைகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். மரியாதை இல்லை என்று சத்தியம் செய்த இலைக்குப் பந்தலுக்குள் வந்ததும் மரியாதை ஊறிவிட்டது. அரைவாசிக் கூடைகள் காலியாயின. மக்கீன் நானா மிச்சத்தைப் பார்த்து, இதுவாவது போய்ச் சேர்ந்தால் கராச்சிக்காரன் இலையைப் பார்த்தே நம்புவான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிரதி அமைச்சர் பேசினார்.

"ஏற்றுமதி ஏன் குறைகிறது என்று என்னைக் கேட்கிறார்கள். விழாக்கள் குறைந்ததால்! போன வருடம் நான் எத்தனையோ ஏற்றுமதிகளைத் தொடக்கி வைத்தேன். அதில் எது போய்ச் சேர்ந்தது என்று எதிர்க்கட்சிக்காரன் கேட்கிறான். தொடக்கி வைப்பதுதான் என் அமைச்சின் வேலை. போய்ச் சேர்வது வேறு அமைச்சு. அவர்களுடைய வேலையில் நான் தலையிடுவதில்லை. அதுதான் ஒழுக்கம். இந்த ஏழை முஸ்லிம் சகோதரர் இன்றைக்கு என்னால் உலகச் சந்தைக்குப் போகிறார். அவர் எப்படிப் போவார், எப்போது போவார் என்பதெல்லாம் சின்ன விஷயம். நான் வந்தேன். அதுதான் பெரிய விஷயம்."

கைதட்டல் அடங்கியதும் கொடி அசைந்தது. மக்கீன் நானா சாரதிக்குப் பக்கத்தில் ஏற, லொறி வடக்கே புறப்பட்டது. திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள சபையின் ஜீப் பின்னால் வந்தது. அதற்குப் பின்னால் தொலைக்காட்சிக்காரர்களின் வேன். வெயில் நெற்றியில் அடித்தது. பின்னால் கூடைகளில் இலை வெந்துகொண்டிருப்பது மக்கீன் நானாவின் மூக்குக்குத் தெரிந்தது.

நாலந்தாவுக்கு இப்பால் ஒரு சோதனைச் சாவடி. கொடி கட்டிய லொறியையும் பின்னால் வந்த ஜீப்பையும் கண்டு ஆமிக்காரர்கள் சல்யூட் அடித்து வழி விட்டார்கள். நாலந்தாவில் சுபவேளை முடிந்தது. ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி இளநீர் குடித்து, மக்கீன் நானாவின் கையைக் குலுக்கி, படம் எடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கென்று தம்புள்ளைப் பக்கம் போனார்கள். போகும்போது, அரசாங்கச் சொத்து என்று லொறியில் இருந்த இரண்டு கொடியையும் கழற்றிக்கொண்டார்கள்.

"இப்பவாச்சும் திருப்பட்டுமா நானா?" என்றான் இராயப்பன்.

"திருப்பு மகன். பறக்கணும்."

பறந்தது. அதே சோதனைச் சாவடி. இந்தத் தடவை தடி குறுக்கே விழுந்தது. போகும்போது அது அமைச்சரின் லொறி. வரும்போது அது வடக்கிலிருந்து வரும் லொறி. சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து வரும் லொறியை எப்படிச் சோதிப்பார்கள் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சல்யூட் அடித்தவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேறு ஆட்கள் நின்றார்கள்.

சார்ஜன் சிங்களத்தில் கேட்டார். "எங்கேயிருந்து?"

"மாத்தளையில இருந்து சேர்" என்றான் இராயப்பன், தனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

"எங்கே போகிறாய்?"

"மாத்தளைக்கு."

சார்ஜன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "மாத்தளையிலிருந்து மாத்தளைக்குப் போக இங்கே ஏன் வந்தாய்?"

"நல்ல நேரத்துக்கு சேர்."

அடையாள அட்டையில் இராயப்பன் என்று வாசித்த பிறகு அவனைத் தனியாக நிறுத்தினார்கள். கையைத் தலையில் வைத்து முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். கூடை ஒவ்வொன்றையும் இறக்கி, தார் ரோட்டில் கொட்டி, கம்பியால் கிளறினார்கள். இலைக்குள் இலைதான் இருந்தது. அதற்குள்ளும் இலைதான். அது அவர்களுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

மக்கீன் நானா நல்ல சிங்களம் பேசுபவர். எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். சபை, அமைச்சர், கராச்சி, ஐந்து மணி. சார்ஜன் கெட்டவர் அல்ல. பொறுமையாகக் கேட்டார்.

"பொய் சொல்ல வேண்டாம். மத்தியானச் செய்தியில் நானே கேட்டேன். மாத்தளை வெற்றிலை கராச்சிக்குப் போயாயிற்று. வானொலியில் சொன்னார்கள். அப்படியானால் இது என்ன?"

"அதுதான் இது!"

"அது கராச்சியில். இது இங்கே."

சபைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். விழாக் களைப்பில் இருந்த ஓர் எழுதுவினைஞர் எடுத்தார். வெற்றிலை முழுவதும் வெற்றிகரமாக அனுப்பப்பட்டுவிட்டது, சபையிடம் வேறு வெற்றிலை எதுவும் இல்லை, அப்படி யாராவது வைத்திருந்தால் அதற்குச் சபை பொறுப்பல்ல என்று சொன்னார். சார்ஜன் தொலைபேசியை வைத்துவிட்டு, மக்கீன் நானாவையும் போய் இராயப்பன் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

மேலிடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்து அவர்களை விட்டபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தார் ரோட்டில் கிடந்த இலை கறுத்துச் சுருண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கூடைகளில் அள்ளினார்கள். இராயப்பனின் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து இரத்தம் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் மக்கீன் நானாவுக்கு அழுகை வந்தது. இலைக்காக அழுதாரா, பையனுக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு, அழுகிய கூடைகளை ஏற்றிக்கொண்டு உக்குவளைக்குப் போனார். மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஹமீமாவும் இராயப்பனும் கூட வந்தார்கள். தோட்டக்காரர்கள் எல்லாரும் சந்திரகாந்தா வீட்டு முற்றத்தில் கூடி நின்றார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து சபையின் ஜீப் வந்து நின்றது. பஸ்தியாம்பிள்ளை முகமெல்லாம் பல்லாக இறங்கினார்.

"எல்லாரும் இங்கேதான் இருக்கிறீர்களா! நல்லது. நம் மாவட்டத்தின் சிற்றேற்றுமதி ஒரே நாளில் நூறு வீதம் உயர்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து பாராட்டு வந்திருக்கிறது."

மக்கீன் நானா கூடையைக் காட்டினார். "எல போகல்ல சேர். இந்தா ஈக்குது."

பஸ்தியாம்பிள்ளை எட்டிப் பார்த்தார். ஒரு கணம்தான். "போனதாகப் பதிந்தாகிவிட்டது. பதிந்த இலை வாடாது, மக்கீன். அடுத்த விழாவுக்கு அமைச்சரே வருகிறார். அதற்கு எத்தனை கூடை தருவீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன்."

ஹமீமாதான் முதலில் அசைந்தாள். கூடைக்குள் கைவிட்டு, கறுத்து நீர் வடிந்த இலையை அள்ளி, கவனமாக அடுக்கி, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவர் முன்னால் போய்க் குனிந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்கட மரியாதை சேர்."

இரண்டு கையாலும் நீட்டிய வெற்றிலையை எங்கள் பக்கத்தில் யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் ஊருக்கு முன்னால் முகம் இல்லை. பஸ்தியாம்பிள்ளையின் கை தானாக நீண்டது. வாங்கினார். அடுத்து சந்திரகாந்தா குனிந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கட்டுக்கு மேல் கட்டு. அவருடைய வெள்ளைச் சட்டையில் பச்சையும் கறுப்புமாகச் சாறு இறங்கியது. வாங்கியதைச் சாரதியிடம் கொடுத்தார், சாரதி ஜீப்பில் போட்டான், பின் இருக்கை நிறைந்து முன் இருக்கையும் நிறைந்தது. கடைசிக் கட்டோடு இராயப்பன் நொண்டிக்கொண்டு வந்தான். அவனால் முழுதாகக் குனிய முடியவில்லை. பணிப்பாளர்தான் குனிந்து வாங்க வேண்டியிருந்தது.

நாற்றம் தாங்காமல் கண்ணில் நீர் முட்ட, பஸ்தியாம்பிள்ளை எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மக்கள் எனக்குக் காட்டும் இந்த அன்பை நான் எதிர்பார்க்கவில்லை. இது சபைக்குக் கிடைத்த அங்கீகாரம். நன்றி. நன்றி."

மனுசன் உண்மையாகவே நெகிழ்ந்து போயிருந்தார். ஜீப்பில் உட்கார இடமில்லாமல் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனார். அவர் வளைவில் மறைந்ததும் சந்திரகாந்தா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், மக்கீன் நானாவும்தான்.

அடுத்த வாரம் கொழும்பு லொறி உக்குவளைக்கு வந்தது. பழைய விலையில் பாதி சொன்னார்கள். சந்திரகாந்தா முதல் ஆளாகக் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள். பேரம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இலை அன்றைக்கே கண்டி ரோட்டால் தெற்கே போய், பின்னேரம் ஐந்து மணிக்கு முன் கட்டுநாயக்காவில் இறங்கியது.